காஸ்திலியோனேயிலிருந்து காமநாயக்கன்பட்டிக்கு



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இளையோர் கூட்டத்துக்குப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஃபாதர், கடவுள் எனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். அது எனக்கு எப்படித் தெரியும்?" கேட்கிறவர் சில நேரம் குரூப் 4 தேர்வை நான்காம் முறை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர். சில நேரம் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிச்சலோடு நேரே கூட்டத்துக்கு வந்தவர். கேலிக்காகக் கேட்கிற கேள்வி இல்லை அது. "செபம் பண்ணு, தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் செபம் பண்ணிவிட்டுத்தானே அந்தப் பிள்ளை கேட்கிறது?

அதனால் இன்று ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த ஊரிலிருந்தே தொடங்குவோம்.

ஆகஸ்டு 15 வந்தால் நம் பக்கத்துக் குடும்பங்கள் பல காமநாயக்கன்பட்டிக்குப் புறப்பட்டுவிடும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே பரலோக மாதா கோவில். தேர் பார்த்து, பூசை கண்டு, பிள்ளைக்குப் பொம்மை வாங்கித் திரும்புகிறோம். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் தங்கி மறைப்பணி செய்தவர்களில் ஒருவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இயேசு சபைக் குரு. பெஸ்கி என்றால் யோசிப்பீர்கள். வீரமாமுனிவர் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவர் இத்தாலியர் என்று பாடப்புத்தகம் சொல்லும். எந்த ஊர்க்காரர் என்று கவனித்திருக்கிறீர்களா? வட இத்தாலியில், மாந்துவா நகரத்துக்கு அருகில், காஸ்திலியோனே என்றொரு சிற்றூர். 1680 நவம்பர் 8-ஆம் நாள் பெஸ்கி அங்கே பிறந்தார். அதே ஊரில் அவருக்கு 112 ஆண்டுகளுக்கு முன் பிறந்த இன்னொருவரையும் உங்களுக்குத் தெரியும். நம் கோவில்களில் அவருடைய சுரூபம் இருக்கிறது. அவர் பெயரை நம் தாத்தாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். புனித ஞானப்பிரகாசியார். அலோசியஸ் கொன்சாகா.

இந்தப் புனிதரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குறை அவர்மேல் இல்லை, அவரை நாம் வரைந்து வைத்திருக்கிற விதத்தின்மேல். வெளிறிய முகம், கையில் லீலி மலர், சிலுவையை உற்றுப் பார்க்கும் கண்கள். இன்றைய பையன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று நகர்ந்துவிடுகிறான். பழைய புனிதர் சரித்திரங்களும் அவருடைய கடுமையான ஒறுத்தல்களைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அவை அந்தக் காலத்துப் பக்தி. அப்படியே பின்பற்றும்படி நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன்.

உண்மையில் அவர் யார்? 1568 மார்ச் 9-ஆம் நாள் காஸ்திலியோனே கோட்டையில், அந்த ஊரை ஆண்ட சிற்றரசரின் மூத்த மகனாகப் பிறந்தவர். தகப்பனார் பெரந்தே, மகன் போர்வீரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஐந்து வயதிலேயே படைமுகாமுக்கு அழைத்துப் போனார். பிறகு பிளாரன்ஸ் அரண்மனை, அதன்பின் ஸ்பெயின் அரசவை. இளவரசர்களோடு வளர்ந்த பிள்ளை. அரசவையின் பகட்டையும் பொய்யையும் சூதாட்டத்தையும் கிட்டத்தில் பார்த்துப் பார்த்து, இது எனக்கு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். தகப்பனார் லேசில் விடவில்லை. கோபித்தார், மிரட்டினார், ஆள் விட்டுப் பேசினார். ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1585 நவம்பரில், தலைமகனுக்குரிய உரிமையைத் தம்பி ரொதோல்போவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 17 வயதில் உரோமையில் இயேசு சபையின் நவதுறவகத்துக்குள் நுழைந்தார். நற்செய்தியில் ஆண்டவரிடம் ஓடிவந்து, நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, சொத்து மிகுதியாய் இருந்ததால் வருத்தத்தோடு திரும்பிப் போன ஒருவரை நாம் அறிவோம். இந்த இளைஞர் திரும்பிப் போகவில்லை.

வீட்டை விட்டு வந்தவர் வீட்டை மறந்துவிடவும் இல்லை. தம்பிக்கும் மாந்துவா பிரபுவுக்கும் ஒரு நிலச்சொத்தின்மேல் பெரும் பகை மூண்டது. யார் சொல்லியும் இருவரும் கேட்கவில்லை. சபைத் தலைவர்கள் இவரை அனுப்பிவைத்தார்கள். 21 வயது மாணவத் துறவி ஊருக்குப் போய், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, சமாதானம் செய்துவைத்தார். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள் நம் பங்குகளிலும் இருக்கின்றன. ஞானப்பிரகாசியார் சரித்திரத்தில் அந்த வீடுகளுக்கு வேண்டியது இந்தப் பக்கம்தான். லீலி மலரைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் இதை அவசரமாகக் கடந்துவிட்டார்கள்.

1591-இல் உரோமையைப் பஞ்சமும் கொள்ளைநோயும் பிடித்தன. இயேசு சபையார் மருத்துவமனை திறந்தார்கள். கொன்சாகா தெருத்தெருவாய் நோயாளிகளுக்காகப் பிச்சை எடுத்தார். தூக்கி வரப்பட்டவர்களைக் கழுவினார், ஊட்டினார். ஒரு செய்தியை இளைஞர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. அந்த வேலை அவருக்கு இயல்பாக வரவில்லை. புண்ணையும் நாற்றத்தையும் கண்டு தமக்குக் குமட்டுகிறது என்று தம் ஆன்ம குருவான ராபர்ட் பெல்லார்மினிடம் அவரே ஒப்புக்கொண்டார். குமட்டலோடுதான் மறுநாளும் போனார். இளம் துறவிகள் பலருக்கு நோய் தொற்றியதும் தலைவர்கள் அவரைத் தடுத்தார்கள். கெஞ்சி அனுமதி வாங்கி, தொற்றுநோயாளிகளைச் சேர்க்காத இன்னொரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே படுக்கையிலிருந்து அவர் தூக்கிச் சுமந்த ஒருவருக்கு, யாருக்கும் தெரியாமல் கொள்ளைநோய் இருந்தது. மார்ச் மாதம் படுத்தவர் ஜூன் 21 அன்று இறந்தார். வயது 23. குருப்பட்டம்கூடப் பெறவில்லை.

அவரை இளையோரின் பாதுகாவலர் என்கிறோம். 1926-இல் பதினோராம் பத்திநாதர் எல்லாக் கிறிஸ்தவ இளையோருக்கும் பாதுகாவலராக அவரை அறிவித்தார். சுரூபம் செய்கிற சிற்பி என்னிடம் கேட்டால், லீலியை எடுத்துவிட்டு, தோளில் ஒரு நோயாளியை வை என்றுதான் சொல்வேன்.

இப்போது பெஸ்கிக்கு வருவோம். அவர் சிறுவனாக இருந்தபோது காஸ்திலியோனேயில் கொன்சாகா பெயரில் பெரிய கோவில் எழுந்திருந்தது. 23 வயதில் இறந்த தங்கள் ஊர்ப் பையனின் கதையைக் கேட்காமல் அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் வளர்ந்திருக்க முடியாது. 1698-இல், 18 வயதை ஒட்டி, பெஸ்கியும் அதே இயேசு சபையில் சேர்ந்தார். 1709-இல் குருப்பட்டம். 1710-இல் கோவாவில் கரையிறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார். 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகரும், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரும் உழைத்த அதே மிஷன். வந்த சில ஆண்டுகளிலேயே பகைவர் கையில் சிக்கி, மரண தண்டனை வரை போய் மீண்டார். சொந்த ஊருக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை.

பல்லக்கில் போனார், சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்றெல்லாம் பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைகளை நான் இங்கே எடுக்கவில்லை. அவருக்கு அந்த அலங்காரம் தேவையும் இல்லை. என்னை வியக்க வைப்பது வேறு. அவர் தமிழ் படிக்கத் தொடங்கியபோது வயது 30. இன்று 25 வயதில், "எனக்கு வயதாகிவிட்டது ஃபாதர், இனி என்ன புதிதாகப் படிப்பது?" என்கிறார்கள் நம் பிள்ளைகள். அவர் அகரம் எழுதப் பழகினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். தம்மிடம் வந்த மக்களின் மொழியை அவர்களுடைய புலவர்கள் அளவுக்குக் கற்காமல் அவர்களோடு இறைவனைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைத்தவர்போல் உழைத்தார். ஆண்டாள் பாசுரம் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் இருக்கிற நமக்கு அந்த மதிப்பின் அருமை புரியும்.

அவர் செய்த ஒரு சிறிய வேலையைப் பாருங்கள். அந்நாளில் ஓலைச்சுவடியில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் புள்ளிதான் வேறுபாடு. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். "பெய்" என்று எழுதியிருப்பது மழையா பேயா, "மெய்" என்று எழுதியிருப்பது உண்மையா, மாடு மேய்கிற மேய்ச்சலா என்று வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். பெஸ்கி கொம்பின் வடிவைச் சற்றே சுழித்து நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். இன்று நீங்கள் கைப்பேசியில் "போ" என்று தட்டும்போதும் அவர் போட்ட சுழியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றிருந்த காலத்தில், 1732-இல் அகரவரிசையில் தேடிப் பார்க்கும்படி சதுரகராதியை அமைத்தார். வாசிக்கிறவர் தடுமாறுகிறார், அவருக்கு வழி வேண்டும். அவ்வளவுதான் காரணம். இவை எவையும் "நான் பெரிய காரியம் செய்யப் பிறந்தவன்" என்று மேடை போட்டுச் செய்த வேலைகள் இல்லை.

அவருடைய பெருங்காப்பியம் தேம்பாவணி 1726-இல் முடிந்தது. 3,615 விருத்தங்கள். பாட்டுடைத் தலைவர் யார்? பேதுருவா, பவுலா? புனித சூசையப்பர். நற்செய்திகள் நான்கிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர். மரம் அறுத்து, இழைத்து, மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றிய தொழிலாளி. தமிழில் காப்பியத் தலைவர் என்றால் அரசகுலத்து வீரர் என்ற எதிர்பார்ப்பு இருந்த இடத்தில், அவரும் தாவீது குலம்தானே என்று சொல்லி, ஒரு தச்சரை நிறுத்தினார் பெஸ்கி. இராத்திரி ஷிப்ட் பார்க்கிற தம்பி இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அதே 1726-ஆம் ஆண்டின் கடைசி நாளில், டிசம்பர் 31 அன்று, உரோமையில் கொன்சாகா புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒரே சிற்றூரின் இரண்டு பிள்ளைகள், ஒரே ஆண்டு. ஒருவர் பெயர் உரோமையில் முழங்குகிறது, மற்றவர் தமிழ்நாட்டில் ஓலையில் எழுத்தாணியால் கீறிக்கொண்டிருக்கிறார். அந்த ஓலை அச்சேறுவதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

அந்த ஊரின் கதை இத்தோடு முடியவில்லை. 1859 ஜூன் 24. கொன்சாகா திருநாள் கழிந்த மூன்றாம் நாள். காஸ்திலியோனேக்குப் பக்கத்தில் சொல்ஃபெரினோ என்ற இடத்தில் பிரான்சும் சார்டினியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா மறுபக்கம் என்று போர். ஒரே நாளில் செத்தவர்களும் காயப்பட்டவர்களுமாக ஏறத்தாழ 40,000 பேர். காயப்பட்டவர்களில் 9,000-க்கும் மேற்பட்டோரைக் காஸ்திலியோனேக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பெரிய கோவில், மற்றக் கோவில்கள், தெரு, திண்ணை எல்லாம் மனிதர்கள். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அங்கே வெள்ளை உடையில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்திருந்தார். ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி துனான், வயது 31. மருத்துவர் அல்லர், போர்வீரரும் அல்லர், வியாபாரி. அல்ஜீரியாவில் மாவு மில் நடத்தும் கம்பெனி ஒன்றை வைத்திருந்தார். நிலமும் தண்ணீர் உரிமையும் கிடைக்காமல் தொழில் முடங்கிக் கிடந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் நேரில் மனுக் கொடுக்கலாம் என்று போர்க்களம் வரை தேடி வந்தார். மில் லைசென்சுக்காக அலைகிறவரின் மனநிலை நம் இராஜபாளையத்தில் பலருக்குப் புரியும்! வந்த காரியத்தை வைத்துவிட்டு, கோவிலுக்குள் போனார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர்; கால்வினிய சபைக் குடும்பம். 24 வயதிலேயே ஜெனீவாவில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியவர். நம் சபை இல்லையே என்று யாருக்காவது தோன்றினால், எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவரைத் தூக்கிய சமாரியர் எந்தச் சபை என்று லூக்காவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

துனான் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அந்த ஊரின் பெண்களும் இளம்பெண்களும் வேலையில் இறங்கியிருந்தார்கள். சிறுவர்கள் ஊற்றுக்கும் கோவிலுக்கும் இடையே வாளியிலும் குடுவையிலும் தண்ணீர் சுமந்து ஓடினார்கள். பிரெஞ்சுக்காரனா ஆஸ்திரியனா என்று பெண்கள் பார்க்கவில்லை. எல்லாருமே சகோதரர்கள்தானே என்பது அவர்கள் வாயில் ஒரு பல்லவி மாதிரி ஆகிவிட்டது. துனான் தம் வண்டிக்காரரைப் பிரேசியா நகரத்துக்கு அனுப்பி, எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டை, புகையிலை, காயம் கட்டும் துணி எல்லாம் வாங்கி வரச் செய்தார். கண்டதை 1862-இல் புத்தகமாக எழுதினார். 1863-இல் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. 1864 ஆகஸ்டு 22 அன்று 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த கதை இது.

அந்த மில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1867-இல் துனான் திவாலானார். அவரை நம்பிப் பணம் போட்டவர்களும் நட்டப்பட்டார்கள். ஜெனீவாவில் தலைகாட்ட முடியாமல் வெளியேறி, ஆண்டுக்கணக்கில் வறுமையில் அலைந்தார். உலகம் அவரை மறந்தது. 1901-இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசை அவருக்கும் பிரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்து கொடுத்தபோது, சுவிட்சர்லாந்தின் ஒரு மலையூரில் மருத்துவமனை அறையில் முதியவராக இருந்தார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடித்தால் தொழில் தானாக நிமிரும், தேர்வில் பெயர் வரும், கடன் தீரும் என்று இந்நாளில் சில போதகர்கள் பேசுகிறார்கள். துனானுக்கு அப்படி நடக்கவில்லை. கொன்சாகா 24-ஆவது பிறந்த நாளைப் பார்க்கவில்லை. மூவரில் யாருக்கும் கடவுளின் திட்டம் முன்கூட்டியே தாளில் எழுதி நீட்டப்படவில்லை. எதிரில் கிடந்தவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தது, அதைச் செய்தார்கள். தேர்வில் நான்காம் முறையும் பெயர் வராத தம்பிக்கு என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் இதுதான்: தேர்வு முடிவும் உன் வாழ்வின் நோக்கமும் ஒன்றல்ல. தேர்வை எழுது, ஐந்தாம் முறையும் எழுது. ஆனால் முடிவு வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்காதே.

காஸ்திலியோனேயின் கோவிலில் அன்று காயங்களுக்குத் தேவைப்பட்டவற்றில் ஒன்று கட்டுவதற்கான துணி. இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிகள் நெய்வது அதே கட்டுத்துணியைத்தான். பேண்டேஜ் துணி, காஸ் துணி. இங்கே நெய்து, வெளுத்து, மடித்து, வெட்டி, பெட்டி போட்டு நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்கும் கடல் கடந்தும் போகிறது. தறிச்சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழாது. நூல் அறுந்தால் முடிய வேண்டும், மீட்டர் கணக்குக் குறையக்கூடாது, வாரக்கூலி வாங்க வேண்டும். யாருக்கு இந்தத் துணி என்று நினைக்க அங்கே நேரம் ஏது?

ஒருமுறை நோயாளிகளைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குப் போனபோது, தறிக்குப் போகிற ஒரு பெண் என்னோடு வந்திருந்தாள். வார்டில் ஒரு பெரியவருக்கு நர்ஸ் கால் புண்ணைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். புண்ணைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். துணியைப் பார்த்திருக்கிறாள். இழை இடைவெளியைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊரு துணி மாதிரிதான் இருக்கு ஃபாதர்" என்றாள். பிறகு அந்தப் பெரியவரிடம், "ரொம்ப இறுக்கமா இருக்கா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மற்ற வார்டுகளை முடித்துவிட்டு வரும்வரை அவள் எழுந்து வரவில்லை.